சனிப் பெயர்ச்சியா? கட்சிப் பெயர்ச்சியா?

திருநள்ளாற்றுக் குளத்தில் மூழ்கி எழுந்தால் பிடித்த சனி விலகும் என்று நம்பி, ஊர் ஊராக மக்கள் வருகின்றனர். ஏழை எளியவர் மட்டுமா வருகின்றனர்? நாடாளும் கனவான்களும் வருகின்றனர். பதவி நிலைக்க வேண்டும், பகை ஒழிய வேண்டும், இன்னும் ஐந்தாண்டு இருக்கையில் அமர வேண்டும் என்று எள் தீபம் ஏற்றிவிட்டுப் போகின்றனர். 27-12-2020 அன்று அங்கே சனிப் பெயர்ச்சி விழா நடந்தேறியது. இரண்டு திங்கள் கூட முழுதாகக் கழியவில்லை. 22-2-2021 அன்று புதுச்சேரியில் ஆட்சி கவிழ்ந்தது. "பார்த்தீரா, சனீசுவரன் வேலையை!" என்று கூறும் நாக்குகளுக்கு நாட்டிலே பஞ்சமா?

நாம் கூறுகிறோம், தோழர்களே! ஆட்சியைக் கவிழ்த்தது சனிப் பெயர்ச்சியன்று, கட்சிப் பெயர்ச்சி! வானத்திலே ஒரு கோள் வீடு மாறியது என்று பஞ்சாங்கம் பேசுகிறது. மண்ணிலே மனிதர் சிலர் வீடு மாறினர் என்று சட்டமன்றக் குறிப்பு பேசுகிறது. எதை நம்புவது? எதற்குப் பரிகாரம் தேடுவது? இதனை ஆராயவே, திருநள்ளாற்றுக்கு அண்மையில் உள்ள இன்னோர் ஊருக்கு உங்களை அழைத்துச் செல்ல விழைகிறோம்.

காரைக்காலுக்குத் தெற்கே, நாகூருக்கு வடக்கே, கடலோரம் அமைந்த ஊர் திருமலைராயன்பட்டினம். உழவரும் மீனவரும் நிறைந்த பகுதி. அந்தக் காரைக்கால் வட்டாரத்துக்கு மூன்று புறமும் தமிழ்நாடு; கிழக்கே கடல்; ஆட்சியின் தலைநகரமோ ஏறத்தாழ 130 கிலோமீட்டருக்கு அப்பால், புதுச்சேரியில்! 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர் ஆட்சிப் பொறுப்பை ஒப்படைத்தனர். 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் விலகினர். 1963 சூலையில் சட்டமன்றம் பிறந்தது. அந்த மன்றத்திலே மக்கள் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 30. அவற்றுள் காரைக்கால் பகுதிக்கு, 2008 தொகுதிச் சீரமைப்பின்படி, 5. அந்த ஐந்திலே ஒன்று நிரவி - திருமலைராயன்பட்டினம்.

முப்பதில் ஒன்று, அது என்ன பெரிய பொருட்டு என்று எண்ணிவிடாதீர்கள். கூட்டணி ஆட்சி எனும் தராசிலே, ஒரு குன்றிமணியும் தட்டைச் சாய்க்கும். ஒரு முறையன்று, இரு முறை சாய்த்தது இந்தத் தொகுதி!

கூட்டணி ஆட்சி என்பது யாது? எளிமையாகவே சொல்வோம். 30 பேரில் பாதிக்கு மேல், அதாவது 16 பேர், ஓர் அணியாக நின்றால் அமைச்சரவை அமைக்கலாம். ஒரு கட்சிக்கே 16 இருந்தால் தொல்லையில்லை. இல்லையேல், பல கட்சிகள் கைகோக்க வேண்டும். ஆதரவுக் கடிதங்கள் துணைநிலை ஆளுநரிடம் போய்ச் சேரும். முதலமைச்சரைக் குடியரசுத் தலைவர் அமர்த்துவார். முதல்வரையும் சேர்த்து ஆறே அமைச்சர்கள். அந்த ஆறு நாற்காலிகளை எத்தனை கட்சிகளுக்குப் பங்கிடுவது? எந்தத் துறை யாருக்கு? பேரவைத் தலைவர் பதவி எவருக்கு? இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டால் ஆட்சி பிறக்கும். சிலர் அமைச்சரவையில் அமர்ந்து பொறுப்பையும் பழியையும் ஏற்பர். சிலர் "வெளியிலிருந்து ஆதரவு" என்று கூறி, பழியை வாசலிலே நிறுத்திவிட்டுப் பிடியை மட்டும் கையில் வைத்துக்கொள்வர்.

இதிலே இழிவு ஏதும் இல்லை. பல கருத்தினர் வாழும் நாட்டில் பல கட்சிகள் சேர்ந்து ஆள்வது இயல்பு. நாம் கேட்கும் கேள்வி ஒன்றே: அந்த ஒப்பந்தம் மக்கள் முன்னிலையில், வாக்குக் கேட்கும் முன் நடந்ததா? அல்லது வாக்குப் பெட்டி மூடியபின், விளக்கணைத்த அறையிலே நடந்ததா?

2011-க்கு வாருங்கள். ரங்கசாமி கண்ட என்.ஆர். காங்கிரசும் அ.தி.மு.க.வும் கூட்டணி அமைத்தன. ஒரே மேடையிலே நின்று வாக்குக் கேட்டன. மக்கள் முதற் கட்சிக்கு 15, இரண்டாங் கட்சிக்கு 5 தந்தனர். கூட்டினால் 20. மறுக்கவொண்ணாத தீர்ப்பு! ஆனால் நடந்தது என்ன? நிரவி - திருமலைராயன்பட்டினத்தில் சுயேச்சையாக வென்றிருந்தார் வி.எம்.சி. சிவக்குமார். அவர் ஆதரவு கிடைத்தது. 15-உடன் 1 சேர்ந்தால் 16. போதுமே! கூட்டாளியை வாசலிலே நிறுத்திவிட்டு அமைச்சரவை அமைந்துவிட்டது. அ.தி.மு.க.வுக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. அவர்கள் தொண்டை அவர்களுக்கு உண்டு. நாம் வருந்துவது வாக்காளனுக்காக. இரு கட்சிகளின் கூட்டாட்சிக்கு என்று வாக்களித்தவன் பெற்றது ஒரு கட்சியின் ஆட்சி. சுயேச்சைக்கு என்று வாக்களித்த திருமலைராயன்பட்டினத்தான், தன்னையறியாமலே ஓர் ஆட்சிக்கு முட்டுக்கட்டையானான். சட்டம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் எவரிடம் கேட்டு இந்த மாற்றம் நடந்தது?

2016-இல் அதே தொகுதி வேறோர் பாடம் புகட்டிற்று. காங்கிரசு 15 இடங்களிலே வென்றது, ஒன்று குறைந்தது. அதன் கூட்டாளியான தி.மு.க. 2 இடங்களிலே வென்றது. அந்த இரண்டில் ஒன்று நிரவி - திருமலைராயன்பட்டினம், வென்றவர் கீதா ஆனந்தன். தேர்தலுக்கு முன் அறிவித்த கூட்டணி. தேர்தலுக்குப் பின்னும் அதே கூட்டணி. நாராயணசாமி முதல்வரானார். தி.மு.க. அமைச்சரவையில் இடம்பெறவில்லை, ஆனால் இறுதி நாள் வரையில் இந்தத் தொகுதியின் உறுப்பினர் அணி மாறவில்லை. ஒரே தொகுதி, ஒரே ஓர் இடம். 2011-இல் அது மக்கள் தீர்ப்பை மாற்றி எழுதும் மையாயிற்று, 2016-இல் அந்தத் தீர்ப்பைக் காக்கும் தூணாயிற்று. ஆகவே தோழர்களே, குறை கூட்டணி என்ற முறையிலே இல்லை. எப்போது கூடினர், எதற்காகக் கூடினர், கூடியபின் சொன்ன சொல்லிலே நின்றனரா என்பதிலே இருக்கிறது.

புதுச்சேரியின் ஆட்சிகள் கவிழ்ந்த கதை நீண்டது. 1974 மார்ச் 6-இல் பதவியேற்ற ராமசாமி அமைச்சரவைக்கு ஆயுள் 22 நாட்கள். 1980-இல் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் சேர்ந்து அமைத்த ராமச்சந்திரன் அமைச்சரவை, காங்கிரசு ஆதரவை விலக்கியதால் 1983 சூனில் வீழ்ந்தது. 1996-இல் காங்கிரசை எதிர்த்து வாக்குக் கேட்டுத் தி.மு.க.வும் தமிழ் மாநிலக் காங்கிரசும் வென்றன, சானகிராமன் முதல்வரானார். 2000 மார்ச்சில் தமிழ் மாநிலக் காங்கிரசு ஆதரவை விலக்கிற்று. எந்தக் காங்கிரசை எதிர்த்து வாக்குக் கேட்டதோ, அந்தக் காங்கிரசின் சண்முகத்தையே முதல்வராக்கிற்று! வாக்காளன் வாய்பிளந்து நின்றான். இத்தனைக்கும் சனி ஒரு ராசியில் தங்குவது இரண்டரை ஆண்டு என்பர் சோதிடர். 22 நாளில் கவிழ்ந்த ஆட்சிக்கு எந்தக் கோள் பொறுப்பு?

மக்கள் முதுகுக்குப் பின்னே ஆட்சி அமைக்கும் கலை புதுச்சேரியில் பிறந்ததன்று. அதன் தாய்வீடு சென்னைக் கோட்டை. 1952 பொதுத் தேர்தலில், 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசு பெற்றது 152. பெரும்பான்மை இல்லை. மக்கள் காங்கிரசை வேண்டாம் என்றனர். ஆனால் தேர்தலிலேயே நிற்காத ஆச்சாரியாரை ஆளுநர் மேலவைக்கு நியமித்தார், முதல்வராக அழைத்தார், 1952 ஏப்ரல் 10 அன்று அவர் பதவியேற்றார். கொல்லைப்புற வழி என்ற சொல் தமிழ்நாட்டு அரசியலிலே அன்று நிலைபெற்றது.

அந்தத் தேர்தலிலே தி.மு.கழகம் போட்டியிடவில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கைக்காகச் சட்டமன்றத்தில் குரல் கொடுப்போம் என்று கையொப்பமிட்டவர்களுக்கு ஆதரவு தந்தது. உழைப்பாளர் கட்சி 19, காமன்வீல் கட்சி 6 இடங்களில் வென்றன. கையொப்பத்தின் மை உலர்ந்ததோ இல்லையோ, மாணிக்கவேலர் ஆச்சாரியார் அமைச்சரவையிலே அமர்ந்தார். ராமசாமி படையாட்சியார் 1954-இல் காமராசர் அமைச்சரவையிலே அமர்ந்தார். தெருத்தெருவாக நம் தோழர்கள் திரட்டித் தந்த வாக்கு, எதிரியின் வீட்டுத் திண்ணைக்குத் தூணாயிற்று.

அதனால் என்ன கேடு என்று கேட்பீராயின், கேளுங்கள். கொல்லைப்புற வழியாக வந்த அந்த ஆட்சிதான் 1953-இல் குலக்கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தது. அரை நாள் பள்ளி, மறு அரை நாள் அப்பன் தொழில்! வண்ணான் மகன் வெளுக்க, குயவன் மகன் வனைய! மக்கள் முன் சென்று அந்தத் திட்டத்தைச் சொல்லி வாக்குக் கேட்டிருந்தால், ஆச்சாரியாருக்கு எத்தனை இடம் கிடைத்திருக்கும்? பெரியாரும் கழகத் தோழர்களும் போராடினர்; 1954-இல் ஆச்சாரியார் விலகினார்; காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். கணக்குச் சரிக்கட்டி அமைத்த ஆட்சி, ஒரு தலைமுறைக் குழந்தைகளின் ஏட்டைப் பறிக்கப் பார்த்தது. இதனால்தான் அமைச்சரவை எப்படி அமைகிறது என்பது அரசியல்வாதிகளின் வீட்டுச் சச்சரவு அன்று என்கிறோம். அது நம் பிள்ளைகளின் படிப்பு, நம் வயலின் நீர், நம் தட்டின் சோறு பற்றிய செய்தி.

அன்று ஒரு நியமன உறுப்பினர் முதல்வரானார். புதுச்சேரியிலோ, மூன்று நியமன உறுப்பினர்கள் ஆட்சியின் ஆயுளையே அளந்தனர்! 1963-ஆம் ஆண்டுச் சட்டம், 30 பேர் மன்றத்துக்கு மூவரை நியமிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு அளிக்கிறது. 2016 தேர்தலில் பாரதிய சனதாக் கட்சிக்குப் புதுச்சேரி மக்கள் தந்தது சுழியம். 2017 சூலையில் அந்தக் கட்சியினர் மூவர் நியமனம் பெற்றனர். துணைநிலை ஆளுநரே பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவையிடம் ஒரு சொல் கேட்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒன்றிய அரசு தானே நியமிக்கலாம், நியமனம் பெற்றோர் வாக்கும் அளிக்கலாம் என்று 6-12-2018 அன்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பு சட்டத்தின் எழுத்தைச் சொன்னது. அந்த எழுத்து யாரால், யாருக்காக எழுதப்பட்டது என்பதே நம் கேள்வி.

அடுத்து என்ன நடந்தது? 2021 சனவரியில் தொடங்கிப் பிப்ரவரி 21 வரையில் ஆளும் அணியில் ஆறு உறுப்பினர்கள் விலகினர். ஐவர் காங்கிரசார், ஒருவர் தி.மு.க. காங்கிரசார் ஒருவர் முன்னரே தகுதி இழந்திருந்தார். பிப்ரவரி 22 அன்று கணக்கைக் கூட்டுங்கள். பேரவைத் தலைவரையும் சேர்த்து அரசின் பக்கம் 12. எதிர்ப்பக்கம் 14. அந்த 14-ஐப் பிரித்துப் பாருங்கள்: மக்கள் தேர்ந்தெடுத்தவர் 11, நியமனம் பெற்றவர் 3! அதாவது, விலகியவர்கள் போக எஞ்சியிருந்தோரிலும் கூட, மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் எண்ணினால் அரசின் பக்கமே மிகுதி. தராசைச் சாய்த்த மூன்று கற்களும் வாக்குச்சீட்டே காணாத கற்கள். நாராயணசாமி வெளிநடப்புச் செய்தார், ஆட்சி முடிந்தது.

நம் பக்கத்துப் புண்ணையும் மறைக்க மாட்டோம். விலகியவர்களுள் தி.மு.க.வின் தட்டாஞ்சாவடி உறுப்பினர் வெங்கடேசனும் ஒருவர். பிப்ரவரியில் விலகினார்; அதே ஆண்டு மே திங்களில் பாரதிய சனதாவின் நியமன உறுப்பினராக மன்றத்துக்குத் திரும்பினார்! முன்வாசல் வழியே வெளியேறினார், கொல்லைப்புற வழியே நுழைந்தார். உதயசூரியனுக்கு என்று வாக்களித்த தட்டாஞ்சாவடி மக்களிடம் எவரேனும் ஒரு சொல் கேட்டனரா?

2021 தேர்தலிலே என்.ஆர். காங்கிரசு 10, பாரதிய சனதா 6. இரண்டும் தேர்தலுக்கு முன்பே கூட்டணி, கூட்டினால் 16. ஒழுங்கான பெரும்பான்மை, மறுக்கவில்லை. மே 7 அன்று ரங்கசாமி பதவியேற்றார். அமைச்சர்கள் பதவியேற்றது சூன் 27 அன்று! இடையிலே முதல்வர் நோயுற்றார் என்பது உண்மை. நாற்காலிப் பங்கீட்டுப் பேச்சு இழுபட்டது என்பதும் உண்மை. ஆனால் அமைச்சரவை பிறக்கும் முன்பே, மே திங்களிலேயே, மூன்று நியமன உறுப்பினர்கள் பிறந்துவிட்டனர்! மக்கள் தந்த 6, தில்லி தந்த 3; ஆக 9. கூட்டணித் தலைவரின் 10-க்கு ஒன்றே குறைவு. எதிரியைக் கவிழ்க்க மட்டுமன்று, தோழமைக் கட்சியின் தோளிலே ஏறி உட்காரவும் நியமனம் உதவும் என்பதை உணர்கிறீர்களா?

"இதற்குத்தான் கூட்டணியே வேண்டாம் என்கிறோம், ஒரே கட்சி, ஒரே தலைவர், உறுதியான ஆட்சி!" என்று சிலர் உபதேசம் செய்ய வருகின்றனர். உறுதி யாருக்கு, ஐயா? உறுதியான ஒரு கட்சி ஆட்சிதான் 1975-இல் நெருக்கடி நிலையைக் கொணர்ந்தது. 1976 சனவரி 31 அன்று தமிழ்நாட்டில் கழக ஆட்சியைக் கலைத்தது. உறுதியற்றது என்று ஏளனம் செய்யப்பட்ட வி.பி. சிங்கின் தேசிய முன்னணி ஆட்சியோ, ஓராண்டு கூட வாழவில்லை; ஆனால் 1990 ஆகஸ்ட் 7 அன்று மண்டல் பரிந்துரையை நிறைவேற்றுவதாக அறிவித்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு ஒன்றிய அரசுப் பணிகளில் 27 விழுக்காடு! நாற்பது ஆண்டு உறுதியான ஆட்சிகள் செய்யாததை நலிந்த கூட்டணி செய்தது.

அதே ஆட்சி, அதே ஆண்டு சூன் 2 அன்று காவிரி நடுவர் மன்றத்தை அமைத்தது. காவிரியின் கடைமடையிலே கிடக்கும் திருமலைராயன்பட்டினத்து உழவனுக்கு இதன் பொருள் தெரியும். 2007 பிப்ரவரி 5 அன்று அந்த மன்றத்தின் இறுதித் தீர்ப்பு, காரைக்கால் பகுதிக்காகப் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. நீர் என்று வரையறுத்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த அளவைக் குறைக்கவில்லை. கடைமடை வயலுக்கு ஏட்டிலே உரிமை பிறந்தது எந்த யாகத்தால்? எந்தப் பரிகாரத்தால்? ஒரு கூட்டணி அமைச்சரவையின் முடிவால்!

2004-ஐயும் எண்ணிப் பாருங்கள். ஐக்கிய முற்போக்குக் கூட்டணி, குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் என்று ஓர் ஏட்டை எழுதி வெளியிட்டது. தமிழைச் செம்மொழியாக அறிவிப்பது அதில் ஒரு வரி. அந்த ஆண்டு அக்டோபரிலேயே அது நிறைவேறிற்று. ஊர்ப்புற ஏழைக்கு நூறு நாள் வேலை அதில் ஒரு வரி, 2005-இல் சட்டமாயிற்று. காகிதத்தில் எழுதி மக்கள் கையிலே கொடுத்ததால், கேட்கவும் முடிந்தது, பெறவும் முடிந்தது. எழுதாத ஒப்பந்தத்தில் மக்களுக்கு என்ன பங்கு? எவருக்கு எந்தத் துறை என்பது மட்டுமே அதில் இருக்கும்.

திருமலைராயன்பட்டினத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. காளமேகப் புலவர் அங்கே அரசவையில் யமகண்டம் பாடினாராம். கீழே கொதிக்கும் கொப்பரை, சுற்றிலும் கத்தி. நடுவே தொங்கிக்கொண்டே கவி சொன்னாராம். பிறகு சினந்து வசை பாட, ஊரின் மீது மண்மாரி பொழிந்ததாம்! பாட்டுக்கு மண் பொழியும் என்பதை நாம் நம்புவதில்லை. ஆனால் யமகண்டம் மட்டும் இன்றும் நடக்கக் காண்கிறோம். ஒவ்வொரு கூட்டணி முதல்வரும் கொப்பரை மேல் தொங்குகிறார். கயிற்றை ஒருவர் பிடித்திருக்கிறார், கத்தியை இன்னொருவர். அறுந்து விழும்போது, மண்மாரி பொழிவது மக்கள் தலையிலேதான்.

கயிற்றை உறுதியாக்க வழி இல்லையா? உண்டு. செருமனியைப் பாருங்கள். அங்கே கூட்டணி ஆட்சியே வழக்கம். கட்சிகள் பல வாரம் பேசி, ஒப்பந்தத்தை நூல் போல் எழுதி அச்சிட்டு வெளியிடுகின்றன. 2018-இல் சமூக சனநாயகக் கட்சி, அந்த ஒப்பந்தத்தை ஏற்கலாமா என்று தன் உறுப்பினர்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. ஆட்சித் தலைவரைக் கவிழ்க்க வேண்டுமாயின், அடுத்தவர் யார் என்பதையும் அதே வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இது அவர்கள் அரசமைப்பின் 67-ஆம் பிரிவு. இடிப்பவன் கட்டவும் வேண்டும் என்பது சட்டம்! நம் நாட்டிலோ, இடிப்பதற்கு மட்டுமே ஆள் கிடைக்கிறது.

1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. 2003-இல் அதன் ஓட்டையொன்றை அடைத்தனர். உடனே புதிய ஓட்டை கண்டனர்: தாவினால்தானே தடை? விலகிவிடு! மன்றத்தின் எண்ணிக்கை குறையும், ஆட்சி கவிழும், மறுபடி வேறு கட்சியின் பெயரில் நில்! 2019 சூலையில் கருநாடகக் கூட்டணி ஆட்சி 99-க்கு 105 என்று வீழ்ந்தது இந்த உத்தியால்தான். 2021-இல் புதுச்சேரி வீழ்ந்ததும் இதே உத்தியால்தான்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: கூட்டணி சேரும் கட்சிகள், பொதுச் செயல்திட்டத்தைத் தேர்தலுக்கு முன்பே எழுத்தில் வெளியிட வேண்டும். தேர்தலுக்குப் பின் கூட நேரின், அந்த ஒப்பந்தத்தையும் பதவியேற்புக்கு முன் மக்கள் முன் வைக்க வேண்டும்.

இரண்டு: நியமன உறுப்பினர், நம்பிக்கை வாக்கெடுப்பிலே வாக்களித்தல் கூடாது. மக்கள் அனுப்பாதவருக்கு மக்கள் ஆட்சியைக் கவிழ்க்கும் உரிமை எங்கிருந்து வந்தது? நியமனம் என்ற வழக்கமே ஒழிவது இன்னும் நன்று.

மூன்று: பதவிக்காலத்தின் இடையிலே விலகுவோர், அந்த மன்றத்தின் ஆயுள் முடியும் வரை அதற்குள் எந்த வாசல் வழியாகவும் நுழையலாகாது.

நான்கு: கவிழ்ப்போர், மாற்று ஆட்சியைப் பெயர் சொல்லி முன்மொழிந்த பின்னரே கவிழ்க்க வேண்டும்.

இவற்றைத் தாமே முன்வந்து எந்த ஆளவந்தாரும் தரமாட்டார். கேட்க வேண்டியவர் நீங்கள். உங்கள் ஊருக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம், அவர் எந்தக் கொடி பிடித்தவராயினும், நம் கொடியே பிடித்தவராயினும், கேளுங்கள்: "கூட்டாளி யார்? ஒப்பந்தம் எங்கே? அணி மாறமாட்டீர் என்பதற்கு என்ன உறுதி?" விடை சொல்லத் தயங்குபவரைத் திருநள்ளாற்றுக்கு அனுப்பி வையுங்கள், அங்கே குளத்தில் மூழ்கட்டும். உங்கள் வாக்கிலே மூழ்க விடாதீர்கள்!

எள் தீபத்தால் நிலைத்த ஆட்சியும் இல்லை. ஏழரைச் சனியால் கவிழ்ந்த ஆட்சியும் இல்லை. ஆக்குவதும் மனிதர், அழிப்பதும் மனிதர். எனவே திருத்த வேண்டியவரும் மனிதரே. முப்பதில் ஒன்றாகிய ஒரு கடலோரத் தொகுதி ஆட்சியை ஆக்க முடியும் என்றால், விழிப்புற்ற ஒரு தலைமுறை அந்த ஆட்சியை நெறிப்படுத்த முடியாதா? முடியும், தோழர்களே! கோள்களை எண்ணுவதை விட்டு, கைகளை எண்ணத் தொடங்குவோம்.